நான்காவது கோப்பு

எங்கள் ஊரில் யார் ஹஜ்ஜுக்குப் போவது, யார் போகாமல் சாவது என்பதை ஆறு வருடமாக முடிவு செய்தது நான்தான். ஊர் அதை அல்லாஹ்வின் முடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தது. நானும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் கேவலம்.

எங்கள் ஊரான ஐன் தர்ஃபாவுக்கு வருடத்துக்குப் பதினான்கு இடம். கேட்பவர்கள் ஆயிரத்துக்கு மேல். அதனால் குலுக்கல். ஒன்பது பேட்டைகளிலும் நகராட்சியின் கிளை அலுவலகம் உண்டு. பெயர் பதிவது அங்கே. ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஓர் எக்செல் கோப்பு எனக்கு வரும். ஒருவர் எத்தனை வருடம் பதிந்தாரோ அத்தனை சீட்டு அவருக்கு. ஒன்பது கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பெயர்களை ஒரே பட்டியலில் சேர்த்து, சீட்டு அச்சடிக்கும் மேக்ரோ என்கிற சிறு நிரலை எழுதியவள் நான். ஹஸ்னா, நகராட்சியின் கணினிப் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு நாற்காலியும்.

இந்த ஆறு வருடத்துக்கு முந்தைய முதல் வருடம் அதைக் கலாசார மண்டபத்தில் ஊர் பார்க்க ஓட்டினோம், சுவரில் பெரிதாக விழும்படி. எல்லாம் வெளிப்படையாக நடக்கிறதாம். இமாம், ஜாந்தர்மரிக் காவல் அதிகாரி, நகர்மன்றத்தார் எல்லாரும் முன்வரிசையில். மேக்ரோ இரண்டாவது கோப்பிலேயே நின்றுவிட்டது. யாரோ அந்தக் கோப்பை அலுவலகக் கணினியில் திறந்து வைத்தபடியே காபி குடிக்கப் போயிருந்தார்கள். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி: இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். "நகராட்சிக் கதவே பத்து மணிக்கு முன்னாடி தொறக்காது, கோப்பு மட்டும் தொறந்துருமா!"

மண்டபமே சிரித்தது. இமாம்கூட தாடியைத் தடவுகிற சாக்கில் வாயை மூடிக்கொண்டார். சிரிக்காத ஒரே ஆள் எங்கள் பொதுச்செயலாளர் ஸி பூஅலாம். எங்கள் ஊரில் கழுதையைத் தவிர எல்லாருக்கும் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'ஸி' உண்டு. இவருக்கு அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

அந்தக் கோப்பை மூடிவிட்டு மறுபடி ஓட்டி அன்றைய குலுக்கலை முடித்தோம். மறுநாள் காலை ஸி பூஅலாம் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொட்டி இனிமே வரக் கூடாது."

"ஏதாவது தப்பு நடந்தாத்தான் அது வரும், ஸி பூஅலாம். வந்தாத்தான் நமக்குத் தெரியும்."

"தப்பு நடக்கக் கூடாதுன்னு நான் சொல்லல, ஹஸ்னா. பொட்டி வரக் கூடாதுன்னு சொன்னேன்."

ஒரே ஒரு வரி போதும் அதற்கு. பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்று மேக்ரோவுக்குச் சொல்கிற வரி. சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு வேண்டாம் என்கிற வரி அது, எனக்கும் தெரியும். ஆனால் அப்போது நான் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கும் காகிதத்தில் விழ வேண்டிய கையெழுத்து ஸி பூஅலாமுடையது. போட்டேன். கடவுச்சொல் கேட்டுக்கூட நிற்காதே என்றும் சேர்த்துப் போட்டேன். கடைசியில், "ஒன்பது கோப்புகளும் சேர்க்கப்பட்டன" என்று பச்சை எழுத்தில் ஒரு செய்தியும் வைத்தேன். அது கோப்புகளை எண்ணவில்லை. எத்தனை தடவை சுற்றினோம் என்று மட்டும் எண்ணியது. ஸி பூஅலாமுக்கு அந்தப் பச்சை ரொம்பப் பிடித்தது. நாலு மாதத்தில் நான் நிரந்தரம்.

இனி தாவுஸ் காலாவை, ஊருக்கே சித்தியானவரை, சொல்ல வேண்டும்.

நகராட்சி வாசலில் ரவை ரொட்டி விற்கிறவர். வீடு ஹம்ரா மேட்டில். விடியற்காலையில் சுட்ட ரொட்டிகளைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்து, மேட்டிலிருந்து இறங்கி வருவார். எங்கள் பக்கத்தில் வயதான பெண் யாராக இருந்தாலும், போனவரோ போகாதவரோ, ஹாஜ்ஜா என்று கூப்பிடுவதுதான் மரியாதை. அவரை மட்டும் அப்படிக் கூப்பிட முடியாது.

"போகாதவள அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டா ரொட்டி கெடையாது, போ" என்பார். "போயிட்டு வந்து நானே சொல்றேன், அப்பக் கூப்பிடு."

அந்த முதல் வருடத்துக்கு அடுத்ததிலிருந்து ஆறு வருடமாகப் பெயர் பதிந்தார். ஆறு குலுக்கலுக்கும் வெள்ளை ஹாயிக் போர்த்திக்கொண்டு வந்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பதினான்காவது பெயர் வாசித்து முடியும்வரை உதடு அசைய இருந்துவிட்டுப் போனார். அவர் மட்டுமில்லை, ஹம்ரா மேட்டில் ஒருவருக்கும் விழவில்லை. முந்நூறு பேர் பதிகிற பேட்டை. பக்கத்திலேயே இருக்கிற ஸெய்த்தூன் பேட்டைக்கு வருடா வருடம் ஐந்தும் ஆறுமாக விழும். ஸெய்த்தூன் பள்ளிவாசலில் அதைப் பற்றி ஒரு ஜும்ஆ பிரசங்கமே நடந்தது. ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் ராசிக்காக ஸெய்த்தூனில் ஓர் அறை எடுத்து முகவரியை மாற்றிக்கொண்டார். மேட்டுக்காரர்களை ஊர் வாயில் போட்டு மென்றது. "ஒங்க தாத்தாமாருங்க பிரெஞ்சுக்காரனோட சாராயத்துக்குத் திராட்சை மிதிச்சாங்கள்ல, அந்தக் காலோட மக்காவுக்குப் போக முடியுமா?" என்று காபிக் கடையில் கேட்பார்கள். மேட்டுக்காரர்கள் முதலில் சண்டைக்குப் போனார்கள். பிறகு சிரித்து மழுப்பினார்கள். அதற்குப் பிறகு நம்ப ஆரம்பித்தார்கள்.

தாவுஸ் காலா நம்பவில்லை. அவர் தன்னையே தேடினார். மூன்றாவது முறையும் விழாதபோது, முப்பது வருடமாகப் பேசாத அக்காவின் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்து மன்னிப்பு வாங்கினார். நான்காவது முறைக்குப் பிறகு, பக்கத்து வீட்டோடு வழக்கில் இருந்த அத்திமரத்தை விட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு முறையும் காலையில் ரொட்டி கொடுக்கும்போது என்னிடம் சொல்வார். "இதாத்தான் இருந்திருக்கும், எம்மவளே. இப்பத் தீந்துருச்சு." நானும், "ஆமா காலா, இன்ஷா அல்லாஹ்" என்பேன்.

அவருக்கு ஒரே மகள், ஸஹ்ரா. ஸெத்தீஃபில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு நாள் முன்பல் இல்லாமல் திரும்பி வந்தவள். இரண்டு தடவை புருஷன் வீட்டார் வந்து கேட்டும் காலா அனுப்பவில்லை. மூன்றாவது தடவை மாமியார் வந்தாள். தெருவில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "எம் மகன் வீட்டக் காலி பண்ணவளுக்கு அல்லாஹ் தன் வீட்டக் காட்ட மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். காலா அன்று கதவைச் சாத்திக்கொண்டு சிரித்ததாக ஸஹ்ராவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவும் மகளும் சேர்ந்து ரொட்டி சுட்டார்கள். ஸஹ்ரா சுடுகிற ரொட்டி கொஞ்சம் கருகியிருக்கும். அதைக் காலா தனியாக எடுத்து வைத்து ஸி பூஅலாமுக்குக் கொடுப்பார்.

ஐந்தாவது குலுக்கலும் போனது. அதற்கடுத்த வாரம் ரொட்டி ஒன்றுகூடக் கருகவில்லை.

"ஸஹ்ரா எங்க, காலா?"

"அவ வீட்டுக்கு அனுப்பிச்சிட்டேன்."

"அவ வீடு இதுதானே?"

"அந்தக் கெழவி சொன்னது அல்லாஹ் காதுல விழுந்துருச்சு, எம்மவளே. அஞ்சு வருஷம் சொல்லிப் பாத்துட்டான். நான்தான் கேக்கல."

ஸஹ்ரா அழவில்லையாம். பையை எடுத்துக்கொண்டு, "ஒன்னோட ஹஜ்ஜுக்கு நான்தான் குறுக்க நிக்கறேன்னா நவுந்துக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாளாம். ஆறாவது குலுக்கலிலும் காலாவின் பெயர் வரவில்லை. "மனசோட அனுப்பலையே நான், அதான்" என்றார். ரொட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இந்த வருடக் குலுக்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஸி தைய்யிப் வந்தார். ஹம்ரா மேட்டுக் கிளையின் எழுத்தர், அந்த வாரம் ஓய்வு பெறுகிறவர். முத்திரையை ஒப்படைக்க வந்தவர், என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கையை விரித்தார்.

"ஒன்ன ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஆறு வருஷத்துல ஒரு தடவகூட போன் பண்ணிக் கேக்கலியே நீ. என் கையெழுத்து அவ்வளவு தெளிவாவா இருந்துச்சு?"

"எந்தக் கையெழுத்து, ஸி தைய்யிப்?"

"கடவுச்சொல் எழுதி அனுப்புவேன்ல, உறையில."

முதல் வருடக் குலுக்கலுக்கு முன், ஒரு நகர்மன்ற உறுப்பினரின் மச்சான் பெயரை யாரோ ஹம்ரா மேட்டுக் கோப்பில் நுழைத்துவிட்டார்களாம். மனிதர் கொதித்துப்போயிருக்கிறார். அடுத்த வருடத்திலிருந்து கோப்பைப் பூட்டி, கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு, அரக்கு வைத்து, 'இரகசியம்' என்று முத்திரை குத்திப் பொதுச்செயலாளர் பெயருக்கு அனுப்பியிருக்கிறார். ஒன்பது பேரில் அவர் ஒருவர்தான் நேர்மையாக வேலை பார்த்தவர்.

அவர் போனதும் ஹம்ரா மேட்டின் கோப்பைத் திறந்தேன், வரிசையில் நான்காவது. கடவுச்சொல் கேட்டது. மேக்ரோவிலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிட்டுப் போன வருடக் கோப்புகளை வைத்து ஓட்டினேன். முதல் மூன்று கோப்புகள் திறந்தன. நான்காவதில் நின்றது, பெட்டி வந்தது. இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை.

அப்படியானால் ஆறு வருடமாக நான்காவது கோப்பின் இடத்தில் எது சேர்ந்தது? அந்தப் பச்சைச் செய்திக்கு மேலே பெயர்களின் எண்ணிக்கை எப்போதும் ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகு புரிந்தது. நான்காவது திறக்காததால், மேக்ரோவின் கையில் மூன்றாவது கோப்பே இன்னும் இருந்திருக்கிறது. அதையே மறுபடி பிரதி எடுத்திருக்கிறது. மூன்றாவது, ஸெய்த்தூன். அவர்களுக்கு இரட்டைச் சீட்டு. மேட்டுக்காரர்களுக்கு ஒன்றுகூட இல்லை. பல வருடம் பதிந்தவர்களுக்கு எப்படியும் ஐந்தாறு சீட்டு இருக்கும், அதனால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வருடம் ஸெய்த்தூன்காரர் ஒருவருக்கு இரண்டு தடவை விழுந்தது. "அல்லாஹ் ரெண்டு தடவ கூப்பிடுறான்" என்று இமாம் சொல்ல, மண்டபம் தக்பீர் முழங்கியது. நானும் கை தட்டினேன்.

நேராக ஸி பூஅலாமின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை. சொன்னேன். அவர் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். ஆறு உறைகள், அரக்கு உடையாமல், வருட வரிசையில் அடுக்கி நூல் கட்டியிருந்தன. இந்த வருடத்தையும் சேர்த்தால் ஏழு.

"நீங்க தொறந்தே பாக்கலியா?"

"இரகசியம்னு போட்டிருக்கே, எப்படித் தொறக்கறது? எனக்குச் சட்டம் தெரியும்."

"ஒங்க பேருக்குத்தானே வந்துச்சு!"

"அதனாலதான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இங்க பாரு. ஆறு வருஷம், எண்பத்து நாலு பேரு போயிட்டு வந்துட்டாங்க. அவங்ககிட்டப் போயி, குடுத்த ஹஜ்ஜத் திருப்பிக் குடுன்னு கேப்பியா? மேட்டுக்காரங்க மண்டபத்தக் கொளுத்துவாங்க. மொதல்ல எனக்கு வேல போகும், அப்புறம் ஒனக்கு. அந்த வரிய எழுதுனது யாரு? நானா? எனக்கு எழுதத் தெரியுமா?"

"நீங்க சொல்லித்தான் எழுதுனேன்."

"பொட்டி வரக் கூடாதுன்னேன். கோப்பு வரக் கூடாதுன்னு சொன்னனா?"

உண்மையிலேயே அவர் சொல்லவில்லை.

"இந்த வருஷம் சரியா ஓட்டு. வாய மூடிட்டு ஓட்டு. அவ்வளவுதான். யாருக்கும் நஷ்டமில்ல."

உறைகளைக் கிழித்துக் கடவுச்சொற்களை எடுத்துக்கொண்டு வந்து பழைய கோப்புகளைத் திறந்தேன். ஆறு வருடப் பட்டியல்களையும் ஒப்பிட்டபோது, எழுபது வயதைத் தாண்டிப் பதிந்தவர்களில் பத்தொன்பது பேர் நடுவிலேயே காணாமல் போயிருந்தார்கள். சிலர் ஊர் மாறியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பத்தொன்பதில் பதினொருவருக்கு இறப்புச் சான்றிதழை அச்சடித்துக் கொடுத்ததே நான்தான்.

அன்று மதியம் வாசலில் கூட்டம் கலைந்ததும் தாவுஸ் காலாவின் பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தேன். எல்லாருக்கும் சொல்ல எனக்குத் துணிவில்லை. இவருக்குச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மேக்ரோ, கோப்பு, கடவுச்சொல் என்று ஆரம்பித்துக் குழப்பினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சுருக்கமாச் சொல்லு. எம் பேரு சீட்டுப் பொட்டியில இருந்துச்சா இல்லியா?"

"இல்ல, காலா."

"எந்த வருஷம்?"

"ஒரு வருஷமும் இல்ல."

அவர் ரொட்டி மேல் போட்ட துணியைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரிசெய்தார்.

"நீ அந்த வரி எழுதாம இருந்திருந்தா, அந்த மிஷினு என்ன சொல்லியிருக்கும்?"

"கோப்பத் தொறக்க முடியலன்னு சொல்லியிருக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், காலா."

"அதச் சொன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

"ஸி தைய்யிப்புக்குப் போன் பண்ணியிருப்போம். ரெண்டு நிமிஷ வேல."

அவர் மக்காவைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். திட்டுவார், சபிப்பார், ஊரைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்காமல், எதிரே நின்ற ஸெத்தீஃப் பேருந்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப அஞ்சாவது வருஷமும் அல்லாஹ் எதுவும் சொல்லல?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"நான் அவள ஏன் அனுப்புனேன்?"

கூடையை அப்படியே படியில் விட்டுவிட்டு எழுந்து போய்ப் பேருந்தில் ஏறினார். கூடையில் பன்னிரண்டு ரொட்டி மிச்சம் இருந்தது. நானே உட்கார்ந்து விற்றேன். ஸி பூஅலாம் வெளியே வந்தவர், "வேல மாத்திட்டியா?" என்று சிரித்துவிட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

குலுக்கல் நாள் காலை ஒன்பது மணிக்குக் காலா என் அறைக்கு வந்தார், தனியாக. மூன்று இரவும் எங்கே தங்கினார் என்று தெரியவில்லை. ஹாயிக்கின் ஓரம் முழுக்க மண். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஸஹ்ரா?"

"வரல."

"அவன் விடலியா?"

"அவன் வீட்லயே இல்ல. கதவு தொறந்துதான் கெடந்துச்சு." காலா சுவரைப் பார்த்துச் சொன்னார். "ஏழு மாசம் அவளுக்கு. இன்னொரு பல்லும் இல்ல. ஒக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். நீ சொன்ன மாதிரியே சொன்னேன், கோப்பு தொறக்கலன்னு. கேட்டுட்டு என்ன சொன்னா தெரியுமா? 'அன்னைக்கு அல்லாஹ் சொன்னான்னு அனுப்புன. இன்னைக்கு கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னு கூப்பிடுற. நாளைக்கு வேற யாராவது வேற எதாச்சும் சொல்லுவாங்க. நான் இங்கயே இருந்துக்கறேன், இவன் எப்ப அடிப்பான்னாவது எனக்குத் தெரியும்'னா."

நான் அழுதேன். அவர் அழவில்லை. என் அழுகை முடியட்டும் என்று நின்றார், அவசரத்தில் இருக்கும் ஒருவர் அடுத்த ஆள் பேசி முடிக்கக் காத்திருப்பதுபோல்.

"காலா, இந்த வருஷம் ஒங்க பேரு இருக்கு. நானே பாத்துப் போட்டேன். ஏழு சீட்டு. நெஜமாவே இருக்கு."

"எடுத்துடு."

"காலா..."

"எடுத்துடுன்றேன். விழுந்துச்சுன்னா? அங்க போயி நிக்கணுமே நான். நின்னு என்னன்னு கேக்கறது? எம்மவளக் குடுத்து வாங்குன சீட்டுன்னு சொல்லவா?"

விலகலுக்கு ஒரு படிவம் இருக்கிறது. அதில் பொதுச்செயலாளரின் கையெழுத்தும் வேண்டும். கொண்டுபோய் நீட்டினேன். ஸி பூஅலாம் பெயரைப் படித்தார். நான் காலாவிடம் சொல்லிவிட்டேன் என்று அவருக்குப் புரிந்தது. அதைக் கேட்கவில்லை. "ஒரு ஆளு கொறஞ்சுது, மத்தவங்களுக்கு நல்லது" என்று கையெழுத்துப் போட்டார்.

காலா படிவத்தின் கீழே பெருவிரலை அழுத்தினார். துடைக்கத் துணி கொடுத்தேன், வாங்கவில்லை. நான்காவது கோப்பைத் திறந்தேன். உடனே திறந்தது. நூற்றுப் பதினேழாவது வரி: தாவுஸ், ஹம்ரா மேடு, ஏழு. அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர், ஆனாலும் பார்த்தார். அழித்துவிட்டுச் சேமித்தேன்.

"போயிருச்சா?"

"போயிருச்சு, காலா."

மூன்று நாளாக என் அறை மூலையில் இருந்த வெறும் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மண்டபத்துக்குப் போகிற மேட்டுக்காரர்கள் வாசலில் அவரைச் சூழ்ந்துகொண்டு, "வாங்க காலா, இந்தத் தடவயாவது நம்ம பக்கம் பாக்கறானான்னு பாப்போம்" என்றார்கள். அவர் எதிர்த் திசையில், மேட்டை நோக்கி நடந்தார்.

அந்த வருடம் ஹம்ரா மேட்டுக்கு ஐந்து இடம் விழுந்தது. சாபம் தீர்ந்துவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. யாரும் அதை மறுக்கவில்லை, நானும்தான்.